முடியல பாய், வாரேன்

மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு. மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டும்போது எழும்புகிற வாடை. பாதி சமையலறை, பாதி மருந்துக்கடை. இன்று காலை பேருந்து நிலையத்தின் வெளிச்சுவரில் ஒருவர் வாளியும் துடைப்பமுமாக நின்று போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். யார் வீட்டுக் காதுகுத்தோ. சுவரில் துடைப்பம் சரக் சரக்கென்று இழுபட, அந்த வாடை எழுந்து வந்து மூக்கில் ஏறியது. என் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. அங்கே இப்போது ஒரு தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. இருந்தும் கை போகிறது. பூட்டிவிட்டு வந்த வீட்டின் நினைப்பு வழியெல்லாம் கூடவே வருகிற மாதிரி.

அது நடந்து இரண்டு வருடம் இருக்கும்.

பேகம்பூர் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன அச்சகம். டைப் அடிப்பதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. ஊரில் ஒருவர் பிறந்து, காது குத்தி, தாலி கட்டி, வீடு கட்டி, கண்ணை மூடுகிற வரைக்கும் ஏதாவது ஒரு தடவை எழுத்தாக என் கண்ணில் விழுந்துதான் ஆகவேண்டும். முதலாளி ஒரு பாய். அறுபதை நெருங்குகிறவர். தோல் பதனிடுகிற ஷாப் வைத்திருந்த குடும்பம். தோல் வாடை ஒத்துவராமல் மை வாடைக்கு ஓடிவந்தவன் நான் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். என்னைத் தங்கச்சி என்பார். கோபம் வந்தால் மட்டும் ஏம்மா. மெஷினை ஓட்ட ஒரு மெஷின்மேன். எங்கள் மூன்று பேருக்குமேல் அந்தக் கடைக்குள் இடம் கிடையாது. நாலாவதாக ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் மெஷின்மேன் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஆறு மாதமாக உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாதத்தில் நாலு நாள் என்று இருந்தது எட்டாகி, பத்தாகி, கடைசியில் மாதத்தில் நாலு நாள்தான் இல்லை என்று ஆகிவிட்டது. வெளிர் நிறச் சேலைகளையெல்லாம் பீரோவின் அடித்தட்டுக்குத் தள்ளிவிட்டேன். கருநீலம், அரக்கு, மறுபடியும் கருநீலம். நாற்காலியில் பழைய காலண்டர் அட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு உட்காருவேன். எழும்போதெல்லாம் திரும்பி நாற்காலியைப் பார்ப்பேன். பேருந்தில், கல்யாண வீட்டில், எங்கே எழுந்தாலும் முதலில் திரும்பிப் பார்ப்பது. யாரிடமோ விடைபெறுகிறேன் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு.

பெண் டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அது மூன்று மாதமாகக் கைப்பையில் கிடந்தது. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. வைகாசி முகூர்த்தம் முடியட்டும் என்று ஒரு தடவை. ஆடியில் கடை காற்றாடும், அப்போது போகலாம் என்று ஒரு தடவை. ஆடியில் கோயில் கொடை நோட்டீஸ் வந்து குவிந்தது. பிறகு ஆவணி வந்துவிட்டது. ஆவணிக்கு விளக்கம் வேண்டாம். என் வீட்டுக்காரர் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். கோழி கூவுமுன்னே போய்விடுவார். மத்தியானம் மல்லிகை மணக்க வந்து கட்டிலில் விழுவார். "ஒருநா லீவப் போட்டுட்டுப் போயேன், என்ன கோட்டையா இடிஞ்சு விழுந்துரும்" என்பார், கண்ணை மூடிக்கொண்டே. சொன்ன வாக்கியம் முடியுமுன் குறட்டை வந்துவிடும். அவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. அசதி என்பது எங்கள் வீட்டில் நாலாவது ஆள். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்ததால் மூன்றாவது ஆள் என்றும் சொல்லலாம்.

லீவு கேட்பதுதான் எனக்கு வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலையில் பாய்க்கு போன் போட்டு, "இன்னைக்கி வரல பாய்" என்றேன். மகளுக்கு அம்மை. அன்றைக்கென்று பார்த்து மெஷினில் ரோலர் விண்டுபோயிற்று. ஒரு மாதத்துக்கு என்னைக் காணும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "சகுனம் பாக்குறதெல்லாம் நம்ம மார்க்கத்துல கெடையாது தங்கச்சி. இருந்தாலும் கடை தொறக்கயில காதுல மொதமொத 'வரல'ன்னு விழுந்தா ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வேற எதயாச்சும் சொல்லு. அந்த வார்த்த மட்டும் வேணாம்." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதைச் சிரிக்காமல் மனசில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆவணியில் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். பெரிய சாதிசனம். உறவுக்காரர் பெயர்களை எழுதிய மூன்று முழுத்தாள் கையில். ஒவ்வொரு தடவை வரும்போதும் மடியிலிருந்து இன்னொரு துண்டுத்தாள் எடுப்பார். "இந்த மச்சினன் பேரு விட்டுப்போச்சு தாயி. விட்டா, மேடைக்கே வரமாட்டான்." முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கட்டுக்கட்டாகக் கையில் வேண்டும் என்று நின்றார். அந்த முந்தின நாளுக்கும் முந்தின சாயங்காலம் நான் கடையை விட்டுக் கிளம்பும்போது, புரூஃப் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"வீட்ல வச்சுப் பாத்து முடிச்சிர்றேன் பாய். காலையில வந்ததும் திருத்திப் பிளேட் போட்டுறலாம்."

"முடிச்சிருவேல்ல?"

"முடிச்சிருவேன்."

முடிக்கவில்லை. ஒன்றரைப் பக்கத்திலேயே எழுத்துகள் நீந்த ஆரம்பித்துவிட்டன. தாளைப் பைக்குள் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து, எழுந்து, குளியலறைக்குப் போனேன். அன்று போனது ரத்தம் மாதிரி இல்லை. கட்டி கட்டியாக, ஈரல் துண்டு மாதிரி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தேன். சுவர் குளிர்ச்சியாக இருந்தது, நன்றாகக்கூட இருந்தது. நெற்றியை அதில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு ஸ்கேனுக்குப் போகாவிட்டால் இனி நானாகப் போகமாட்டேன். யாராவது தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். பேசத் தெம்பில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. ஆகவே மெசேஜ். பதினேழு வருடமாக ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிறவளுக்கு நாலு வரி வரவில்லை. முதலில் கைக்கு வந்தது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த லீவு லெட்டர். 'உடல்நலம் சரியில்லாத காரணத்தால் ஒருநாள் விடுப்பு தந்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' அடித்து முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கீழே 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' ஒன்றுதான் குறைச்சல். அழித்தேன். 'காய்ச்சல் பாய்' என்று எழுதினேன். பொய். காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுவிட்டு மத்தியானத்துக்குமேல் வா என்பார். அழித்தேன். 'வயித்து வலி' என்றால் ஓமத்தண்ணியில் ஆரம்பிப்பார். உள்ளதை எழுதலாம் என்று 'ரத்த' வரைக்கும் போனேன். கீழே வரிசையாக ரத்ததானம், ரத்தசோகை, ரத்தினம் என்று போனே எடுத்துக் கொடுத்தது. அழித்தேன். கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் வயிற்றுப் பெயரன் பேத்தி வரைக்கும் வாழ்த்துகிறோம். அந்த வயிற்றைப் பற்றி ஒரு ஆம்பளைக்கு ஒரு வரி எழுத வழி இல்லை.

கடைசியில் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதையே எழுதினேன். முடியல. உடம்புக்கு என்று சேர்க்கக்கூடத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெசேஜில் முகம் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. அடுத்து 'இன்னைக்கி வரல' என்று எழுதவேண்டும். கடை திறக்கிற நேரம். அந்த வார்த்தை வேண்டாம் என்றாரே. பேச்சை முடித்து எழுந்திருக்கும்போது என்ன சொல்வோமோ அதைப் போட்டேன்.

'முடியல பாய். வாரேன்.'

அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். பைக்குள் ஸ்கேன் சீட்டும் இருந்தது, புரூஃப் தாளும் இருந்தது. புரூஃப் தாளை மறந்துவிட்டேன். அல்லது மறந்தேன் என்று சொல்வது எனக்கு வசதி.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எல்லார் கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில். முட்ட முட்டக் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு காத்திருக்கவேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது படத்தில் தெரியுமாம். கையில் டோக்கன் பதினாலு. ஏழாவது ஆள் உள்ளே இருந்தார். எதிரே செல்போன் படத்தின்மேல் குறுக்கே கோடு போட்ட பலகை. போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினால், சிரித்தால், தும்மினால் ஆபத்து என்ற நிலைமையில் இருபது பெண்கள் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு மாதிரியான தியானம் அது.

பத்தரை மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். பாயிடமிருந்து ஒன்பது அழைப்பு. பத்தாவது கையிலேயே அதிர்ந்தது.

"எங்க வந்துக்கிட்டு இருக்க?"

"பாய்?"

"இல்ல, எங்க வந்துக்கிட்டு இருக்கன்னு கேட்டேன். பொண்ணோட அப்பா எட்டு மணில இருந்து வந்து ஒக்காந்துருக்காரு. மெஷின்மேன் மூணு டீ குடிச்சிட்டாரு."

"நான் வரல பாய். காலையிலயே மெசேஜ் போட்டேனே."

"ஏம்மா." தங்கச்சி போய் ஏம்மா வந்துவிட்டது. "நீ வாரேன்னுல்ல போட்டுருக்க."

"அது… சொல்லிக்கிட்டுக் கெளம்புற வாரேன் பாய்."

அவர் பின்னால் பெண்ணின் அப்பா, "தாயி வந்துருச்சா?" என்று கேட்பது கேட்டது.

"செரி, அத அப்பறம் பேசிக்கலாம். தாளு எங்க? திருத்துன தாளு?"

பையைத் திறந்தேன். ஸ்கேன் சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் வார்த்தையைத்தான் காலையிலேயே செலவழித்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்க, தொடையில் தாளை விரித்துவைத்து, மடியில் ஒரு கை, காதில் ஒரு கையாக ஆரம்பித்தேன். மெஷின்மேனுக்குக் கொஞ்சம் டைப் அடிக்க வரும், ஒற்றை விரலில். பாய் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தார். மூன்றாவது வரியில் 'ஸ்ரீ'க்கு முன்னால் இடம் விடவேண்டும். தாய்மாமன் இனிஷியலில் புள்ளி இல்லை. 'திருவளர்ச்செல்வி'யில் ஒற்று. எங்கே ஒற்று, எப்படி ஒற்று என்று மெஷின்மேன் கேட்க, இடுப்பை நெளித்துக்கொண்டு "'ர்'ருக்குப் பக்கத்துல இச்சு, இச்சு" என்று அந்தத் தியான மண்டபத்தில் நான் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஒன்றரைப் பக்கம் தாண்டிப் போனேன். நேற்று பார்க்காமல் விட்ட இடம். பெரியப்பாமார் பெயர்கள். படித்துக்கொண்டே போன கண் ஒரு பெயரில் தட்டிற்று. போன வாரம் கடைக்கே வந்து, தன் பெயருக்குப் பின்னால் 'முன்னாள் தலைவர்' போடச் சொல்லிவிட்டுப் போன மனிதர். அவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று இருந்தது. மேல்வரியில் இறந்துபோன தாத்தாவுக்குப் போட்டது, கீழ்வரிக்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அடித்தவள் நான்தான்.

"பாய், ரெண்டாம் பக்கம், கீழருந்து நாலாவது வரி. அந்தப் பெரியப்பாவுக்கு முன்னால இருக்குற தெய்வத்திருவ எடுத்துருங்க. அவரு உசுரோட இருக்காரு."

"யா அல்லா" என்றார் பாய்.

பெண்ணின் அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்: "உசுரோடதான் இருக்காரு தாயி. காலைலகூட வரப்புத் தகராறுல என்னயக் கொல்லப் பாத்தாரு. இது மட்டும் அச்சாயிருந்தா கொன்னேபுடுவாரு."

எனக்கு எதிரே இருந்த பெண் சிரித்துவிட்டு, ஐயோ என்று எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். அவள் மறுபடியும் ஒரு லிட்டர் குடித்து, மறுபடியும் உட்காரவேண்டும். இன்றைக்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. "டோக்கன் பதினாலு! பதினாலு யாரு அக்கா? வரலன்னா அடுத்த ஆளக் கூப்புடுவேன்."

"வாரேன் சிஸ்டர்! வாரேன்!"

"வாரியா?" என்றார் பாய் காதுக்குள். "செரி செரி, பதறாம வா. ஐயா, வாராங்களாம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

குளிர்ச்சியான பசையை வயிற்றில் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்திக்கொண்டே போனார் ஸ்கேன் டாக்டர். எனக்குக் கண்ணை மூடினால் எங்கள் கடைப் பசைதான் ஞாபகம் வந்தது. அட்டையில் தடவுகிற மாதிரியே தடவினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, அளந்து, இன்னொரு இடத்தில் நிறுத்தி, அளந்தார்.

"எத்தன மாசமா?"

"ஆறு மாசமா டாக்டர்."

"ஆறு மாசமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

புரூஃப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பதிலில் பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பெண் டாக்டரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கட்டி இரண்டு, ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று அதைவிடப் பெரிது. ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது. ரத்தம் ஏற்றிவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இந்த வாரமே. அதற்குப்பின் ஒன்றரை மாதம் எதையும் தூக்கக்கூடாது, நாற்காலியில் நெடுநேரம் உட்காரக்கூடாது. ஒரு நாள் கேட்கவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. இவர் ஒன்றரை மாதத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. மலைக்கோட்டை நிழல் நீண்டுகொண்டிருந்த நேரத்தில் சந்துக்குள் நுழைந்தேன். தூரத்திலேயே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வாசலில் மெஷின்மேனின் காலி டீ டம்ளர்கள். மிச்சப் பெயர்களைப் பாயே சரிபார்த்து அச்சேற்றிக் கொடுக்க, பெண்ணின் அப்பா பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். உள்ளே அடுத்த வேலைக்கான அட்டைகள் ஒட்டக் கிடந்தன. பசைச் சட்டியில் ஆவி. அந்த வாடை வாசல்வரைக்கும் வந்தது.

பாய் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். போனைத் தூக்கி என் முன்னால் நீட்டினார்.

"நீ புரூஃப் பாக்குற ஆளு. நீயே படி."

படித்தேன். நான் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்து மேலே விழுந்திருக்கிறது. என் கண் கீழே என் வரியிலேயே இருந்ததால் பார்க்கவில்லை.

'முடிஞ்சுச்சா தங்கச்சி?'

'முடியல பாய். வாரேன்.'

"இதுல எங்கம்மா லீவு இருக்கு?" என்றார். "வேல முடியல, நேர்ல வந்து முடிக்கிறேன்னு இருக்கு. பச்சப்புள்ளகிட்டக் குடுத்தாலும் அப்படித்தான் படிக்கும். அப்பறம் போன்ல ஒருக்கா வாரேன்ன. அந்தாளு அதக் கேட்டு மத்தியானச் சோத்துக்குக்கூடப் போகாம ஒக்காந்துருந்தாரு. ரெண்டு வாரேன், ஒரு ஆளும் வரல."

மெஷின்மேன் அங்கிருந்தே, "ஊருல இருக்குற அம்புட்டுப் பேரு பெழையையும் திருத்துற அக்கா" என்றார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வரலன்னு போடவேண்டியதுதான? மூணெழுத்து."

"காலையில அந்த வார்த்தை வேணாம்னு நீங்கதான பாய் சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"ரோலர் போன அன்னைக்கி."

அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்ததும் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "பதினாறு பதினேழு வருசத்துக்கு முந்தி வெளையாட்டுக்குச் சொன்னத இன்னமுமா வச்சிருக்க? நீயெல்லாம் ஒரு…" என்ன என்று அவருக்குக் கிடைக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது. "செரி, காய்ச்சலா?"

"இல்ல பாய்."

மெஷின் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை. "என்ன?" என்றார். கத்திச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை அது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மெஷின்மேனுக்கு என்ன தோன்றிற்றோ, கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர் மாதிரி வெளியே போனார். நாலாவது ஆள் யாரும் வராமலே போனார்.

அந்த அமைதியில் சொன்னேன். "கர்ப்பப்பைய எடுக்கணுங்கிறாங்க பாய். ஆறு மாசமா நிக்காமப் போய்க்கிட்டு இருக்கு. இன்னைக்கித்தான் ஸ்கேன் எடுத்தேன்."

சொல்லி முடித்ததும் ஒன்றும் இடிந்து விழவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாய் என் நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் மடித்துக் கிடந்த துண்டைப் பார்த்தார். பார்த்துவிட்டோமே என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதமாக அந்தத் துண்டு அவர் கண்ணெதிரேதான் கிடந்தது.

"ஆறு மாசத்துல நீ ஒருநாகூட லீவு போடலையே."

"போடல பாய்."

"எம்புட்டு நாளு ஆகும்?"

"ஒன்றர மாசம் ஒக்காரக்கூடாதாம்."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாங்கள் அடித்த காலண்டர்தான். ஆவணி முழுக்க முகூர்த்தம். புரட்டாசி விட்டு ஐப்பசியில் மறுபடி முகூர்த்தம். "கல்யாண சீசன்ல வச்சுக்கிட்டியேம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வயித்துக்கு சீசன் தெரியாதுல்ல பாய்."

"அதுஞ்செரிதான்."

எனக்கு உட்காரவேண்டும் போல் இருந்தது. உட்காரவில்லை. கேட்கவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பதினேழு வருடமாக அந்த ஒரு நாற்காலி. மகள் படிப்பு அதில் உட்கார்ந்துதான் நடந்தது. ஒன்றரை மாதத்துக்கு வேறு ஆள் போடாமல் அவரால் கடையை நடத்த முடியாது. வருகிற ஆள் சின்ன வயசாக, கண்ணாடி போடாததாக, வயிறு வலிக்காததாக இருக்கும். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

"நான் திரும்பி வந்தா எடம் இருக்குமா பாய்?"

அவர் பசைச் சட்டியில் கிடந்த குச்சியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். ஏடு படிந்திருந்தது. "வேற ஆளு போடாம முடியாது தங்கச்சி" என்றார். "ஒனக்கே தெரியும். பொய் சொல்லமாட்டேன். ஆனா இன்னைக்கி அந்த தெய்வத்திரு இருக்குல்ல, அத நானும் ரெண்டு தடவ படிச்சேன். மெஷின்மேன் ஒரு தடவ. பொண்ணோட அப்பா, அந்தப் பெரியப்பாவுக்குச் சொந்தத் தம்பி, அவரும் ஒரு தடவ படிச்சாரு. ஒருத்தன் கண்ணுலயும் படல." குச்சியைச் சட்டியின் விளிம்பில் தட்டினார். "அடிச்சதும் நீதான். அது வேற விசயம்."

அதை அவர் பதிலாகத்தான் சொன்னாரா என்று கேட்க எனக்கு அன்று தெம்பில்லை. புரூஃப் தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். துண்டை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாசல்படியில் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"வாரேன் பாய்."

"இரு. இது எந்த வாரேன்? வர்ற வாரேனா, போற வாரேனா?"

"போயிட்டு வர்ற வாரேன் பாய்."

"அப்பச் செரி. அத முழுசாச் சொல்லணும்ல."